நான்குக்கும் ஆறரைக்கும் நடுவில்

அயனிகளைப் பிடித்து ஒளியாலோ நிறத்தாலோ காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு உணரிகளைப் பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களில் தவறாமல் ஓர் அட்டவணை இருக்கும். இதற்கு முன் வெளிவந்த உணரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பிணைப்பு மாறிலி (பிடி எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும் எண்), கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு, பயன்படுத்திய கரைப்பான். கடைக்கோடியில் ‘இந்த ஆய்வு’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. அந்த வரியில் உள்ள எண் மேலே இருக்கும் எல்லா எண்களையும் தோற்கடித்திருக்கும். தோற்கடிக்கவில்லை என்றால் அட்டவணையில் வேறு ஆட்களைப் பொறுக்கிப் போட்டிருப்பார்கள். மதிப்பீட்டுக்காக வரும் கட்டுரைகளை நான் இப்போதெல்லாம் பின்னாலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். அட்டவணையைப் பார்த்தாலே மற்றவை ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த அட்டவணை மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். எண்கள் பெரும்பாலும் நேர்மையானவைதாம். பிடி எவ்வளவு இறுக்கமோ உணரி அவ்வளவு நல்லது என்று அந்த அட்டவணை சொல்லாமல் சொல்கிறதே, அதுதான் உறுத்துகிறது. அயனியை இறுகப் பிடிக்கும் மூலக்கூறுக்கு முதல் மார்க். தளர்வாகப் பிடிப்பதற்குப் பின்வரிசை. இந்தத் தேர்வு முறையில் பயிற்சி பெற்று, இதிலேயே பட்டம் வாங்கி, இதையே மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் ஒரு கூட்டம் நாங்கள். நான்கு அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஓர் அயனி: செம்பு, துத்தநாகம், பாதரசம், ஃபுளூரைடு. முனைவர் பட்ட ஆய்வேடு தயார்.

கரிம வேதியியல்காரர்கள் இந்தப் பக்கம் வருவது ஒன்றும் மனித குலத்துக்கு உணரி செய்து தரும் ஆசையால் அல்ல. எங்களுக்கு மூலக்கூறு கட்டத்தான் ஆசை. வளையம் ஒன்றை மூடுவது இருக்கிறதே, அது தனிப் போதை. நீளமான சங்கிலியின் இரண்டு முனைகளும் பக்கத்து மூலக்கூறோடு சேர்ந்துவிடாமல் தன் வாலைத் தானே கவ்விக்கொள்ள வேண்டும். அதற்காகக் கரைசலை வெகுவாக நீர்க்கச் செய்து, சிரிஞ்ச் பம்ப்பில் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுவதும் காத்திருப்போம். காலையில், கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் பார்த்தால் வேண்டிய பொருளைத் தவிர எல்லாம் இருக்கும். சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, பின்னம் பின்னமாகச் சோதனைக் குழாய்களில் பிடித்து, ஆவியாக்கி, கடைசியில் குடுவையின் அடியில் ஒரு சிட்டிகைப் பொடி. மூலக்கூறின் அமைப்பைச் சரிபார்க்கும் என்.எம்.ஆர். சரியாக வந்துவிட்டால் அன்றைக்கு உலகம் நல்ல இடம்.

அப்படிப் பட்டபாட்டுக்குப் பிறகு அந்தப் பொடியைக் கரைத்து, விளக்கை அணைத்துவிட்டு, யு.வி. விளக்கின் அடியில் பிடிக்கும்போது ஒன்றும் தெரியாது. அதில் ஓர் உப்பின் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் குப்பி முழுவதும் நீலமாகச் சுடர்விடும். இதைப் பார்த்து மயங்காத கரிம வேதியியலாளரை நான் சந்தித்ததில்லை. நடப்பது என்னவோ எளிமையானதுதான். ஒளிரும் பகுதி ஒன்று. அயனியைப் பிடிக்கும் ஏற்பி ஒன்று. இரண்டையும் பிரித்து நிறுத்தும் சிறு இடைக்கண்ணி ஒன்று. ஏற்பியில் உள்ள நைட்ரஜனின் எலக்ட்ரான், தூண்டப்பட்ட ஒளிரும் பகுதிக்குத் தாவி, ஒளியை வரவிடாமல் அணைத்துவிடுகிறது. நேர்மின் அயனி ஒன்று வந்து அந்த நைட்ரஜனைப் பற்றிக்கொண்டால் எலக்ட்ரானால் தாவ முடியாது, ஒளி வந்துவிடும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்திய ஏ. பி. டி சில்வா இந்த மூன்று உறுப்பு அமைப்பை ஒரு வடிவமைப்பு முறையாகவே ஆக்கினார். ஹைட்ரஜன் அயனி, சோடியம் அயனி இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டுமே ஒளிரும் மூலக்கூறு ஒன்றைச் செய்து, அதைக் கணினிச் சுற்றுகளில் இருப்பது போன்ற ஒரு தர்க்க வாயில் என்று 1993-இல் ‘நேச்சர்’ இதழில் அவருடைய குழு வெளியிட்டது. அதன் பிறகு எங்கள் துறையில் பாதிப்பேர் அந்த மூன்று உறுப்புகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நல்ல வடிவமைப்பு என்றால் பலர் பிழைக்கத்தான் வேண்டும்.

டாக்டர் கேட்ட கேள்வி

என் மனத்தாங்கலுக்கு உருவம் கொடுத்தது ஒரு கூட்டுக் கருத்தரங்கு. வேதியியலாளர்களையும் மருத்துவமனை ஆய்வகக்காரர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைத்திருந்தார்கள். பெரும்பாலும் இத்தகைய கூட்டங்களில் தேநீர் இடைவேளையில்கூட இரு தரப்பும் தனித்தனியாகத்தான் நிற்கும். பொட்டாசியத்தை உணரும் ஒரு மூலக்கூறைப் பற்றி ஓர் ஆய்வு மாணவி பேசினார். அழகான வளையம், சுத்தமான தரவு, நிதானமான பேச்சு. பிணைப்பு மாறிலி ஒரு லட்சம் என்று சொன்னபோது எங்கள் தரப்பில் தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும்.

கேள்வி நேரத்தில் மருத்துவமனை உயிர்வேதியியல் ஆய்வகத்தை நடத்தும் மூத்த டாக்டர் ஒருவர் எழுந்தார். “ஒரு சின்னச் சந்தேகம் அம்மா. என்னிடம் வரும் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு நான்கு மில்லிமோல் இருந்தால் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். ஆறரை இருந்தால் உடனே வார்டுக்கு ஃபோன் செய்வேன். இதயம் எப்போது வேண்டுமானாலும் தாளம் தப்பலாம். நான்குக்கும் ஆறரைக்கும் நடுவில் உங்கள் மூலக்கூறு என்ன செய்யும்?”

“நன்றாக ஒளிரும், சார்” என்றார் மாணவி.

“இரண்டிலுமா?”

அரங்கில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாணவியும் தடுமாறவில்லை. ஒரு கணம் திரையில் இருந்த தன் வரைபடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆமாம் சார், இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஒளிரும்” என்றார். நான் கேட்ட கருத்தரங்கு பதில்களிலேயே நேர்மையான பதில் அது. தலைவர் நன்றி சொல்லி அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார். எனக்கு அடுத்த பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. கருத்தரங்கு நிரலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு பள்ளிக்கூட அளவுதான். பிணைப்பு மாறிலி ஒரு லட்சம் என்றால் அதன் தலைகீழான பிரிகை மாறிலி 0.01 மில்லிமோல், அதாவது அந்த அளவு பொட்டாசியம் இருந்தாலே மூலக்கூறுகளில் பாதி நிரம்பிவிடும். பொட்டாசியம் 4 மில்லிமோல் இருக்கும்போது 99.75 சதவீதம் நிரம்பியிருக்கும். 6.5 இருக்கும்போது 99.85 சதவீதம். நலமாக இருப்பவருக்கும் உயிருக்குப் போராடுபவருக்கும் நடுவில் இந்த உணரி காட்டும் வேறுபாடு 0.1 சதவீதம். தங்கம் நிறுக்கும் தராசில் ஒரு மூட்டையை வைத்தால் தட்டு தரையில் இடித்து நிற்கும். மேலே இன்னொரு மூட்டையை வைத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். இப்போது பிடியை ஐந்நூறு மடங்கு தளர்த்திப் பாருங்கள். பிரிகை மாறிலி 5 மில்லிமோல் என்றால், 4-இல் 44 சதவீதம் நிரம்பும், 6.5-இல் 57 சதவீதம். இந்த வேறுபாட்டை ஒரு சாதாரணக் கருவி படித்துவிடும். அட்டவணையில் போட்டால் கடைசி இடம் வாங்கப்போகும் மூலக்கூறுதான் அந்த டாக்டரின் மேசையில் முதலிடம் வாங்கும்.

எந்தக் கரைப்பானில்?

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பிணைப்பு மாறிலி என்பது மூலக்கூறின் சொந்தக் குணம் மட்டுமில்லை, அது நீந்தும் கரைப்பானின் குணமும் சேர்ந்தது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தெரிந்துகொண்டே மறந்துவிடுகிறோம். நடுக்குழியில் அயனியை உட்கார வைக்கும் வளைய மூலக்கூறுகளான கிரௌன் ஈதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1904-இல் கொரியாவின் பூசான் நகரில் பிறந்து, முனைவர் பட்டம் வாங்காமலே டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் பெடர்சன், வேறு எதையோ செய்யப் போய் 0.4 சதவீதம் மட்டும் விளைந்த வெண்படிகங்களைக் குப்பையில் கொட்டாமல் ஆராய்ந்தார். மெத்தனாலில் சரியாகக் கரையாத அது, கொஞ்சம் காஸ்டிக் சோடா சேர்த்ததும் கரைந்தது. சோடியத்தைத் தன் நடுக்குழியில் உட்கார வைத்துக்கொண்டது என்று அவர் புரிந்துகொண்டார். 1967-இல் அது கட்டுரையாக வந்தது. 1987-இல் டொனால்டு கிராம், ழான்-மரி லேன் ஆகியோரோடு நோபல் பரிசு.

அந்தக் குடும்பத்தின் பிரபலமான உறுப்பினர் 18-கிரௌன்-6. மெத்தனாலில் பொட்டாசியத்தோடு அதன் பிணைப்பு மாறிலி பத்து லட்சத்துக்கு மேல். தண்ணீரில் ஏறத்தாழ நூறு. ஒரே மூலக்கூறு, ஒரே அயனி, கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு வேறுபாடு. தண்ணீர் மூலக்கூறுகள் பொட்டாசியத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. இந்த மொய்ப்பைத் தவிர்க்கத்தான் எங்கள் ஆட்கள் அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறார்கள். பெருந்தன்மையோடு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, ‘நீர்க் கரைசலில்’ என்று தலைப்பில் எழுதுவதும் உண்டு. ரத்தத்தில் அசிட்டோநைட்ரைல் ஓடுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் வலுவிழந்துவிட்டதாக நாம் வருத்தப்படும் அந்த நூறு என்ற எண் ரத்தப் பொட்டாசியத்துக்கு ஏறக்குறையப் பொருந்திவருகிறது. பிரிகை மாறிலி 10 மில்லிமோலுக்குக் கொஞ்சம் கீழே. அப்படியென்றால் பழைய கிரௌன் ஈதரே போதுமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ரத்தத்தில் சோடியம் 140 மில்லிமோல் இருக்கிறது, பொட்டாசியத்தைப் போல முப்பத்தைந்து மடங்கு. 18-கிரௌன்-6 சோடியத்தை மிகத் தளர்வாகத்தான் பிடிக்கிறது என்றாலும், கூட்டம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது பிடிபடும் இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு சோடியத்துக்கே போய்விடும். சரி, தேர்ந்தெடுக்கும் திறன் அதிகமுள்ள லேனின் கிரிப்டாண்டுக்குப் போகலாம். முப்பரிமாணக் கூண்டு; தண்ணீரிலும் பொட்டாசியத்தை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாறிலியோடு பிடிக்கும்; சோடியத்தைவிட முப்பது மடங்கு விருப்பம். முப்பது மடங்கு விருப்பத்துக்கு எதிரே முப்பத்தைந்து மடங்கு கூட்டம்: கூண்டுகளை இருவரும் ஏறத்தாழ சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஒரு கூண்டுகூடக் காலியாக இருக்காது. வலுவான பிடி, சிறந்த விருப்பம், பயன் பூஜ்யம்.

இந்த இடுக்கிலிருந்து வெளியே வந்த மூலக்கூறு ஒன்று உண்டு. ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2003-இல் வெளியிட்டது. மூன்று நைட்ரஜன் உள்ள கிரிப்டாண்ட் கூண்டில் பென்சீன் வளையங்களை நைட்ரஜனோடு ஒட்டி, அதை நாஃப்தலிமைடு என்ற ஒளிரும் பகுதியோடு இணைத்திருந்தார்கள். டி சில்வாவின் அந்த மூன்று உறுப்பு அமைப்புதான். பென்சீன் வளையம் நைட்ரஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நைட்ரஜனின் பிடி தளர்கிறது. கூண்டின் அளவு சோடியத்துக்கு ஒத்துவராமல் போகிறது. தளர்வும் தேர்வும் ஒரே சமயத்தில். சோடியம் வெள்ளமாக ஓடும் தண்ணீரில் பொட்டாசியத்தை மட்டும் மில்லிமோல் அளவில் படித்தது. அந்தக் கட்டுரையை முன்பே படித்திருக்கிறேன். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பிறகு மறுபடி படித்தபோதுதான், பிடியைத் தளர்த்துவதற்காக ஒரு கரிம வேதியியல் குழு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்பது கண்ணில் பட்டது.

கேள்வியிலிருந்து தொடங்கியவர்

இதை இன்னும் முன்பே செய்து காட்டியவர் ரோஜர் சியென். பச்சை ஒளிர்வுப் புரதத்துக்காக 2008-இல் ஷிமோமுரா, சால்ஃபி ஆகியோரோடு நோபல் வாங்கியவர் என்றுதான் பலருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை அதற்கு முந்தையது. உயிரணுவுக்குள் ஓய்வு நிலையில் கால்சியம் அயனி 100 நானோமோல் அளவில் இருக்கும். சமிக்ஞை வந்ததும் பத்து மடங்கு வரை உயரும். சுற்றிலும் மெக்னீசியம் பத்தாயிரம் மடங்கு அதிகமாக நிற்கும். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் மூலக்கூறை வரைந்தார். ஏற்கெனவே இருந்த ஈ.ஜி.டி.ஏ. என்ற பிடிப்பான் மெக்னீசியத்தை விட்டுக் கால்சியத்தைப் பிடிக்கும், ஆனால் அமிலத்தன்மை சற்று மாறினாலும் அதன் பிடி மாறிவிடும். நைட்ரஜன்களை பென்சீன் வளையத்தோடு இணைத்ததன் மூலம் அந்தக் கோளாறை நீக்கி, 1980-இல் பாப்டா என்ற மூலக்கூறைத் தந்தார். பிரிகை மாறிலி சுமார் 100 நானோமோல். உயிரணு எந்த எண்ணைச் சொன்னதோ அதே எண்.

பிறகு 1985-இல் ஃபியூரா-2. இதில் இன்னொரு நுட்பம். 340, 380 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளங்களில் தூண்டி, வரும் ஒளிகளின் விகிதத்தைப் பார்த்தால் போதும். உயிரணுவுக்குள் சாயம் எவ்வளவு புகுந்தது என்ற கவலை வேண்டாம். உயிரணுச் சவ்வைத் தாண்டி உள்ளே போவதற்கு மூலக்கூறின் அமிலக் கைகளை எஸ்டர்களாக மூடி அனுப்பினார். உள்ளே இருக்கும் நொதிகள் அந்த மூடியைக் கழற்றிவிடும், சாயம் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஒரு கரிம வேதியியலாளர் எடுக்கும் முடிவு. ஆனால் ஒன்றுகூட அட்டவணையில் முதலிடம் பிடிப்பதற்காக எடுத்த முடிவில்லை. பின்னால், கால்சியம் அதிகமாகச் சேமிக்கப்படும் உள்ளறைகளை அளக்க வேண்டி வந்தபோது, இதே குடும்பத்தில் பிடி நூற்றுக்கணக்கான மடங்கு தளர்ந்த சாயங்களை வேண்டுமென்றே தயாரித்தார்கள். வளையத்தில் ஒரு நைட்ரோ தொகுதியை வைத்தால் போதும், பிடி குறையும். எங்கள் ஆய்வகங்களில் ‘பிணைப்பு குறைந்துவிட்டது’ என்று சொல்லி அலமாரியின் பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட குப்பிகளில் இப்படி எத்தனை உணரிகள் தூங்குகின்றனவோ.

பிடியே இல்லாமலும் உணரலாம். குயினைன் கரைசலின் நீல ஒளியை உப்பு மங்கச் செய்யும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. அதே குயினைனின் ஒளிரும் சட்டகத்தைக் கொண்ட எஸ்.பி.கியூ. என்ற சாயம் 1987-இல் உயிரணுக்களின் குளோரைடை அளக்க வந்தது. அதில் ஏற்பி எதுவும் கிடையாது. குளோரைடு வந்து மோதுகிறது, ஒளி குறைகிறது, அவ்வளவுதான். ஏற்பி வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

தளர்வுக்கே கொடி பிடிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். மோல் கணக்கில் 30 நானோமோல். அங்கே தளர்வான பிடி ஒன்றுக்கும் ஆகாது. ரோடமைன் சாயத்தின் ஒரு வளையத்தை மூடி நிறமில்லாமல் ஆக்கி வைத்து, பாதரசம் வந்து கந்தகத்தைப் பிய்த்துக்கொண்டு போகும்போது வளையம் திறந்து இளஞ்சிவப்பாக மாறும்படி செய்யும் முறை அதற்குப் பொருத்தம். திரும்பிப் போகாத வினை. அப்படிப்பட்டதைத் தொடர் கண்காணிப்புக்கு வைத்தால் முதல் நாளே சிவந்துவிட்டு மறுநாள் முதல் எதையும் சொல்லாது. ஒரு தடவை பார்த்துவிட்டு எறியும் காகிதப் பட்டைக்கு அது போதும். எவ்வளவு, எதில், எத்தனை தடவை, பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்ற நான்கையும் கேட்காமல் குடுவையை அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி. இந்தக் கேள்விகளுக்கான விடை எங்கள் துறை நூலகத்தில் கிடைக்காது. மருத்துவமனையிலோ நீரேற்று நிலையத்திலோ யாரையாவது போய்க் கேட்க வேண்டும். அவர்கள், ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைக் குலுக்கினாலே சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கூடிவிடும் என்பது போன்ற, எங்கள் வரைபடங்களில் வராத சங்கதிகளைச் சொல்வார்கள்.

என் மாணவர்கள் சிலருக்கு இந்தக் கட்சி பிடிக்கவில்லை. “இறுக்கமான பிடி என்றால் கட்டுரை வரும், தளர்வான பிடி என்றால் விளக்கம் கேட்பார்கள்” என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. வேலை தேடும் வயதில் இருப்பவரிடம் போய், அட்டவணையில் கடைசி இடம் வாங்கு என்று சொல்ல நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவனுக்கு உரிமை குறைவுதான். நானும் அவர்களை வற்புறுத்துவதில்லை. கட்டுரைக்கு ஒரு மூலக்கூறும் டாக்டருக்கு ஒரு மூலக்கூறும் செய்யுங்கள் என்று சமரசம் பேசியிருக்கிறேன். இரண்டாவதைச் செய்யப் பெரும்பாலும் நேரம் கிடைப்பதில்லை.

கருத்தரங்கில் பேசிய மாணவிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. வேறொரு கூட்டத்தில் சந்தித்தபோது சொன்னார். கூண்டின் இரண்டு நைட்ரஜன்களையும் பென்சீன் வளையத்தோடு ஒட்டி, பிடியைத் தளர்த்தி, முழுக்கத் தண்ணீரில், 140 மில்லிமோல் சோடியம் கலந்த தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) அளந்திருக்கிறார். விளைச்சல் மோசம், வளையம் மூட மறுக்கிறது, அதைச் சொல்லும்போது எங்கள் இனத்துக்கே உரிய சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. இதழுக்கு அனுப்பியதில் ஒரு மதிப்பீட்டாளர், முந்தைய மூலக்கூறைவிடப் பிணைப்பு மாறிலி பல நூறு மடங்கு குறைந்திருப்பது ஏன், இதை எப்படி முன்னேற்றம் என்கிறீர்கள் என்று கேட்டிருந்தாராம். பதில் கடிதத்தில் நீண்ட விளக்கம் எதுவும் எழுதாமல், ரத்தப் பொட்டாசியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்று ஒரே வரி எழுதி, அந்த எல்லைக்குள் தன் வளைகோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் காட்டும் படம் ஒன்றை இணைத்து அனுப்பினார். மதிப்பீட்டாளர் ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: கடைசிப் பக்கத்தில் முந்தைய உணரிகளோடு ஒப்பிட்டு ஓர் அட்டவணை சேர்க்க வேண்டும்.